அர்ஜாந்தேய்: பாரிஸை ஒட்டிய சேன் கரை ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அர்ஜாந்தேய் எங்கே இருக்கிறது? பாரிஸின் ஒரு பகுதியா, தனி ஊரா?

தனி ஊர், தனி நகராட்சி. பாரிஸ் நடுவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 12 கி.மீ. தொலைவில், சேன் ஆற்றின் வலது கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் ஜென்விலியே, கொலோம்ப். இந்தக் கரையில் பெசோன், சர்த்ரூவில், கோர்மேய், சனுவா, சான் கிரத்தியான், எப்பினே ஆகியவை அண்டை ஊர்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டும். வால் துவாஸ் மாவட்டத்திலேயே பெரிய ஊர் இதுதான், ஆனாலும் மாவட்டத் தலைமையகம் இங்கே கிடையாது. அது செர்ஜி பக்கம் போய்விட்டது. இங்கே இருப்பது துணை ஆட்சியர் அலுவலகம்.

நிர்வாகக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 2016இல் 'பெரும் பாரிஸ் மாநகரம்' என்ற அமைப்பு உருவானபோது, வால் துவாஸ் மாவட்டத்திலிருந்து அதில் சேர்ந்த ஒரே ஊர் அர்ஜாந்தேய். எனவே மாவட்ட வேலைக்கு செர்ஜி, மாநகரத் திட்டங்களுக்கு எதிர்க்கரை ஊர்கள் என இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் எதையும் தபாலில் சேர்க்கும் முன், அது நகராட்சியைச் சேர்ந்ததா மாவட்டத்தைச் சேர்ந்ததா என்று பார்த்துவிடுங்கள். தவறான இடத்துக்குப் போன கோப்பு திரும்பி வர வாரங்கள் ஆகும்.

பாரிஸிலிருந்து எப்படிப் போவது?

சான் லசார் நிலையத்தில் 'ஜே' தட ரயிலில் ஏற வேண்டும். இடையில் நிற்காத வண்டி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கொண்டுவிடும். அஸ்னியேர், புவா கொலோம்ப், கொலோம்ப், ல ஸ்தாத் என்று நின்று நின்று வரும் வண்டிக்கு இருபது நிமிடம் வரை பிடிக்கும். மெட்ரோவோ, ஆர்.இ.ஆர். என்ற புறநகர் விரைவு ரயிலோ ஊருக்குள் வருவதில்லை. 13ஆம் எண் மெட்ரோ எதிர்க்கரை ஜென்விலியேயோடு முடிந்துவிடும். அங்கிருந்து பேருந்து பிடித்துப் பாலம் கடக்கலாம், ஆனால் மாலை நெரிசலில் பாலம் நகராது. ரயிலுக்கு வழி இருக்கும்போது பேருந்தை நம்ப வேண்டாம்.

புதியவர்கள் தவறுவது கிளை பிரியும் இடத்தில். அர்ஜாந்தேய் நிலையத்தைத் தாண்டியதும் தடம் இரண்டாகிறது. ஒன்று சனுவா வழியாக எர்மோன் ஓபோனுக்கு. மற்றது வால் தார்ஜாந்தேய், கோர்மேய் வழியாகக் கோன்ஃபிளான், மான்த் பக்கம். ஊரின் மேற்கில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போக வேண்டியவர் எர்மோன் வண்டியில் ஏறினால் சனுவாவில்தான் விழித்துக்கொள்வார். மான்த் வண்டியானாலும் சில நேரம் சிறு நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். அதனால் நடைமேடைத் திரையில் கடைசி ஊரின் பெயரை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். கீழே ஓடும் நிறுத்தப் பட்டியலில் 'வால் தார்ஜாந்தேய்' இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அர்ஜாந்தேயிலேயே இறங்கி அடுத்த வண்டிக்கு மாறுவது மேல்.

இரவு வண்டி இன்னொரு தொல்லை. தண்டவாளப் பராமரிப்புக்காக இரவிலும் வார இறுதியிலும் வண்டிகளை நிறுத்தி மாற்றுப் பேருந்து விடுவது இந்தத் தடத்தில் வழக்கம். பாரிஸில் இரவு உணவுக்குப் போகிறவர்கள் அன்று காலையே ரயில் செயலியில் கடைசி வண்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்தப் பயணச்சீட்டு வாங்க வேண்டும்?

2025 ஜனவரியிலிருந்து கணக்கு எளிதாகிவிட்டது. முன்பு தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் கூடியது. இப்போது பாரிஸ் பிராந்தியத்துக்குள் மெட்ரோ, ரயில், ஆர்.இ.ஆர். எதில் போனாலும் ஒரே விலை. 2025இல் அது 2.50 யூரோ; ஆண்டுதோறும் ஜனவரியில் சிறிது ஏறும். பேருந்துக்கும் டிராமுக்கும் தனிச் சீட்டு, 2025இல் 2 யூரோ.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று செல்லாது என்பதுதான் பலரும் அபராதம் கட்டும் காரணம். ரயிலில் இறங்கி அதே சீட்டில் பேருந்து ஏறினால் அது சீட்டில்லாப் பயணம்தான். பேருந்துக்கு வேறு சீட்டைத் தட்ட வேண்டும். சீட்டுகளை ஏற்றிவைக்கும் 'நவிகோ ஈசி' அட்டை 2 யூரோ. அதை இருவர் பகிர முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். இறங்கும் நிலையத்திலும் தடுப்புக் கதவு இருக்கும் என்பதால் அட்டையைப் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

தினமும் வேலைக்குப் போகிறவருக்கு மாத அட்டைதான் கட்டுப்படியாகும். 2025இல் அது 88.80 யூரோ. சம்பளக்காரர்களுக்கு அதில் குறைந்தது பாதியை வேலை தரும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். சில வாரமே தங்குகிறவர் வார அட்டை வாங்குமுன் நாட்காட்டியைப் பார்க்கவும். அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று ஓடாது. திங்கள் தொடங்கி ஞாயிற்றோடு முடிந்துவிடும். வியாழக்கிழமை வாங்கினால் பாதிக் காசு வீண்.

விமான நிலையத்துக்கு இந்தச் சீட்டுகள் செல்லாது, தனிச் சீட்டு வேண்டும். மாத, வார அட்டைகள் செல்லும். சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு வழி: சான் லசாரில் இறங்கி, சுரங்கப் பாதை வழியே ஓஸ்மான் நிலையத்துக்கு நடந்து, ஆர்.இ.ஆர். 'இ'யில் ஒரே நிறுத்தம் போய் மஜெந்தாவில் இறங்கினால் கார் து நோர் ரயில் நிலையம். அங்கிருந்து ஆர்.இ.ஆர். 'பி'. பெட்டியோடு போவதென்றால் மாறும் இடங்களுக்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

மொனே ஓவியங்களில் பார்த்த ஊர் இதுதானா? இப்போதும் அப்படி இருக்கிறதா?

இதுதான். ஆனால் அப்படி இல்லை. இந்த ஊருக்கு வருகிறவர்களின் ஏமாற்றம் முக்கால்வாசி இங்கிருந்துதான் பிறக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடலாம்.

குளோது மொனே 1871 டிசம்பரில் இங்கே குடிவந்து 1878 ஜனவரி வரை இருந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் இந்த ஊரையும் ஆற்றையும் 150க்கும் மேற்பட்ட படங்களில் வரைந்தார். ரெனுவார், மானே, சிஸ்லே எல்லாரும் வந்து பக்கத்தில் நின்று வரைந்தார்கள். ஒரு படகில் கூரை கட்டி அதையே வரைவிடமாக வைத்துக்கொண்டார் மொனே. அந்தப் படகில் அவர் உட்கார்ந்து வரைவதை 1874இல் மானே வரைந்தார். ஓவிய உலகம் பிறகு ஒரு தனிப் பாணி என்று கொண்டாடியது உருப்பெற்ற காலம் அது.

அவர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் ரயில். பாரிஸிலிருந்து வரும் தடம் 1851இல் எதிர்க்கரையை எட்டியது. 1863இல் ஆற்றின் மேல் ரயில் பாலம் வந்ததும் வண்டி ஊருக்குள்ளேயே நுழைந்தது. ஞாயிறு காலையில் நகரத்தார் கால் மணி நேரத்தில் ஆற்றங்கரையில் இருக்கலாம். இந்த இடத்தில் சேன் அகலமாகவும் ஆழமாகவும் நேராகவும் ஓடுகிறது, பாய்மரம் விரிக்கத் தோதான நீர்ப்பரப்பு. பாரிஸின் பாய்மரப் படகுக் கழகம் இங்கேதான் போட்டிகள் நடத்தியது. ஓவியங்களில் வெள்ளைப் பாய்கள் ஏன் அத்தனை என்றால் அதுதான் விடை.

கூர்ந்து பார்த்தால் அதே படங்களில் புகைபோக்கிகளும் இருக்கும். ஆலைகள் அப்போதே வந்துவிட்டன. அதைவிட மோசம், பாரிஸின் கழிவுநீர். நகரத்தின் பெரிய சாக்கடைக் குழாய் கிளிஷியில் ஆற்றில் கலக்குமாறு கட்டப்பட்டது. கிளிஷி இந்த ஊருக்கு மேலே, நீரோட்டத்தின் முன்னால் இருக்கிறது. பாரிஸ் சுத்தமாக, அழுக்கு முழுவதும் அர்ஜாந்தேய் வழியே ஓடியது. கோடையில் நாற்றம் தாங்கவில்லை. 1860களின் கடைசியில் அந்தக் கழிவுநீரை எதிர்க்கரை ஜென்விலியே வயல்களில் பாய்ச்சத் தொடங்கினார்கள். காய்கறி செழித்தது, ஆறு மீளவில்லை. 1893இல் படகுக் கழகமே மூட்டை கட்டிக்கொண்டு கீழ்ப்பக்கம் மெலானுக்குப் போய்விட்டது. 1900 ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகளில் பெரும்பாலானவையும் அங்கேதான் நடந்தன.

மொனேயின் நண்பர் குஸ்தாவ் கைய்போத் மட்டும் எதிர்க்கரையில் வீடு வாங்கி, தோட்டம் போட்டு, படகு வடிவமைத்து, 1894இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் தோட்டம் இருந்த இடத்தில் பிறகு விமான எஞ்சின் தொழிற்சாலை வந்துவிட்டது.

சரி, மொனேயைத் தேடி வருகிறவர் இன்று எதைப் பார்க்கலாம்?

அவர் குடியிருந்த இரண்டாவது வீட்டை. 1874இல் அவர் மாறிய அந்த வீடு ரயில் நிலையத்துக்குச் சில நிமிட நடையில், கார்ல் மார்க்ஸ் சாலை 21ஆம் எண்ணில் இருக்கிறது. நகராட்சி அதைச் சீர்செய்து 2022 செப்டம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தது. அசல் ஓவியங்கள் அங்கே இல்லை என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அறைகளும், ஒளிப்படக் காட்சிகளும், அந்தக் கால ஊரைப் பற்றிய விளக்கங்களும்தான். சிறிய இடம், ஒரு மணி நேரம் தாராளம். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. நகராட்சி இணையதளத்தில் நாள், நேரம் பார்க்காமல் வந்து மூடிய கதவைப் படமெடுத்துப் போகிறவர்கள் நிறைய.

அசலைப் பார்க்கப் பாரிஸுக்குத்தான் போக வேண்டும். ஓர்சே அருங்காட்சியகத்தில் அர்ஜாந்தேய் படகுப் பந்தயம், 1874ஆம் ஆண்டுப் பாலம், கசகசாப் பூ வயல் மூன்றும் இருக்கின்றன. 1875இல் பனியில் நிற்கும் ரயிலை வரைந்தாரே, அது மார்மோத்தான் அருங்காட்சியகத்தில். முதல் நாள் ஓர்சே, மறுநாள் ஊர் என்ற வரிசையே சரி. மாற்றிச் செய்தால் ஊரில் எதைத் தேடுவதென்றே தெரியாது.

ஆற்றங்கரையில் நடக்க முடியுமா?

முடியும். ஆனால் வரைபடத்தில் தெரிவதுபோல் நிலையத்திலிருந்து இறங்கினால் ஆறு என்று கிடையாது. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே டி 311 என்ற பல வரிசைச் சாலை கரையோடு கரையாக ஓடுகிறது. 20ஆம் நூற்றாண்டில் கார்களுக்காகக் கரையையே சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓவியங்களில் குடை பிடித்துப் பெண்கள் நடக்கும் இடத்தில் இன்று லாரிகள் போகின்றன. ஆற்றால் பிழைத்த ஊர் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறது. கரையை மீட்க வேண்டும் என்ற பேச்சு உள்ளூர்த் தேர்தல்களில் வந்துகொண்டே இருக்கும்.

ஆற்றைப் பார்க்க எளிய வழி, சாலைப் பாலத்தின் நடைபாதையில் ஏறி நடுவே நிற்பது. அங்கிருந்து கீழ்ப்பக்கம் ரயில் பாலம் தெரியும். மொனே வரைந்த அதே இரண்டு கடவுகள்தான், ஆனால் இன்று நிற்கும் பாலங்கள் பிற்காலத்தவை. பழையவை போர்களிலும் மறுகட்டுமானத்திலும் போய்விட்டன. காலை வெளிச்சம் நல்லது. மாலையில் வாகனப் புகையும் இரைச்சலும் அதிகம். டி 311ஐ இடையில் ஓடிக் கடக்க முயல வேண்டாம். சிக்னலோ நடைமேம்பாலமோ இருக்கும் இடம்வரை நடந்து போய்க் கடக்கவும்.

குளிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். உயிர்காப்பாளரோடு அதிகாரப்பூர்வமாகத் திறந்த இடம் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. சரக்குப் படகு போனபின் வரும் அலை கரையிலிருப்பவரை இழுக்கும். மழைக்குப் பிறகு சாக்கடை நிரம்பி வழிந்து ஆற்றில் சேரும் சிக்கலும் இன்னும் முழுவதுமாகத் தீரவில்லை. பெருமழை பெய்த இரண்டு மூன்று நாட்களுக்குத் தண்ணீரில் கைகூட வைக்காதிருப்பது நல்லது.

பேராலயத்தில் இருக்கும் 'புனித அங்கி' என்ன?

சான் தெனி பேராலயத்தில் தையலே இல்லாமல் நெய்த ஒரு பழைய கம்பளி ஆடை இருக்கிறது. இயேசு சிலுவைக்குப் போகும்போது உடுத்தியிருந்தது என்பது நம்பிக்கை. சார்லமேன் பேரரசர் இங்கே மடத்தலைவியாக இருந்த தம் மகள் தியோத்ராதுக்கு அதைக் கொடுத்தார் என்று மரபு சொல்கிறது. எழுத்துச் சான்று 12ஆம் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், பங்குத் தந்தை அதைத் துண்டு துண்டாக வெட்டி மண்ணில் புதைத்து வைத்தார். இரண்டு ஆண்டு கழித்துத் தோண்டி எடுத்தார்கள். எல்லாத் துண்டும் திரும்பவில்லை. 1983இல் திருடு போய் மறு ஆண்டு கிடைத்தது. 2004இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு அதை கி.பி. 6–7ஆம் நூற்றாண்டில் வைத்தது, மற்றொரு சோதனை இன்னும் பிற்காலத்தில். ஆடை பட்ட பாட்டைப் பார்த்தால் சோதனையில் மாசு கலந்திருக்கலாம் என்று நம்பிக்கையாளர்கள் வாதிடுகிறார்கள்.

போனால் பார்க்கலாமா? சாதாரண நாளில் அது பேழைக்குள் சுருட்டி வைத்திருக்கும், துணியின் சிறு பகுதிதான் கண்ணில் படும். முழுதாக விரித்துக் காட்டுவது மிக அரிது: 1934, 1984, 2016, 2025. இப்போதைய பேராலயம் 1860களில் தியோதோர் பல்லு என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க வேண்டாம்.

பழைய மடம் இன்னொரு பெயருக்காகவும் நினைக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் அபெலாரின் காதலி எலோயிஸ் இங்கேதான் வளர்ந்தார், பிரிவுக்குப் பிறகு இங்கேயே துறவியானார். 1129இல் சான் தெனி என்ற வேறோர் ஊரின் மடத் தலைவர் சுஜே, இந்த இடம் தமக்கு உரியது என்று சொல்லிக் கன்னியரை வெளியேற்றினார். ஊரின் பெரிய ஆற்றோரச் சாலைக்கு எலோயிஸ் பெயர்தான். ஞாயிறு காலை அங்கே கூடும் சந்தை, ஊர் முழுதும் ஒரே இடத்தில் தெரியும் நேரம். காய்கறி மலிவாக வேண்டுமென்றால் பன்னிரண்டரைக்குப் பிறகு போங்கள், கடை கட்டும் அவசரத்தில் விலை சரியும். நல்ல மீன் வேண்டுமென்றால் ஒன்பதுக்கு முன்.

மார்க்ஸ், காப்ரியேல் பேரி என்று தெருப் பெயர்கள் ஏன்?

இந்த ஊர் பாரிஸைச் சூழ்ந்த 'சிவப்பு வளைய'த்தைச் சேர்ந்தது. 1935இல் கம்யூனிஸ்டான விக்தோர் துய்ப்புயி மேயரானார். இடையில் போர்க்காலம் நீங்கலாக, 2001 வரை நகராட்சி அந்தக் கட்சியிடம் இருந்தது. ஊரின் பொது மருத்துவமனைக்கும் துய்ப்புயி பெயர்தான். காப்ரியேல் பேரி இந்தத் தொகுதியின் மக்களவை உறுப்பினர். 1941 டிசம்பரில் ஜெர்மானியப் படை அவரை மோன் வலேரியானில் சுட்டுக் கொன்றது. மார்க்ஸ் பெயருக்கு நேரடிக் காரணமும் உண்டு. அவருடைய மூத்த மகள் ஜென்னி லோங்கே இங்கே வாழ்ந்தார்; 1882 கோடையில் உடல்நலம் குன்றிய மார்க்ஸ் மகள் வீட்டில் வந்து தங்கினார். மொனேயின் வீடு இன்று மார்க்ஸ் சாலையில் இருப்பது அப்படித்தான்.

'வால் தார்ஜான்' பகுதி ஆபத்தானதா?

1960களில் வயல்களின் மேல் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அது. கீழே வாகனம், மேலே கான்கிரீட் மேடைத்தளத்தில் மனிதர் நடமாட்டமும் கடைகளும் என்பது அன்றைய நகரத் திட்டம். வரைபடத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில் தளத்தில் நீர் கசிந்தது, கடைகள் மூடின, மூலைகள் இருண்டன. 2005 அக்டோபர் 25 இரவு, அப்போதைய உள்துறை அமைச்சர் சர்க்கோசி அந்தத் தளத்துக்கு வந்து இளைஞர்களைக் குறித்துச் சொன்ன இழிசொல் நாடு முழுதும் ஒலித்தது. இரண்டு நாள் கழித்து வேறோர் ஊரில் இரு சிறுவர்கள் இறந்ததில் வெடித்த புறநகர்க் கலவரங்களையும் இதையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கலவரம் தொடங்கியது கிளிஷி சூ புவாவில்.

அதன்பின் அங்கே இடித்தும் புதுப்பித்தும் நிறைய வேலை நடந்திருக்கிறது. பெரும்பாலும் வேலைக்குப் போய் வரும் குடும்பங்கள் வாழும் இடம். பகலில் தயக்கமில்லாமல் போகலாம். ரயிலில் கதவோரம் உட்கார்ந்து கைப்பேசியைக் கையில் நீட்டிப் பிடிக்காதீர்கள்: கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்குவது இந்தத் தடம் மட்டுமல்ல, பாரிஸ் ரயில்கள் எல்லாவற்றிலும் நடப்பது.

வீடு வாடகைக்கு எடுக்க எந்தப் பகுதி நல்லது? என்ன காகிதம் வேண்டும்?

எதிர்க்கரை ஊர்களைவிட இங்கே வாடகை குறைவு. மக்கள் இங்கே வருவதன் முதல் காரணம் அதுதான். பாரிஸில் வேலை என்றால் பகுதியைவிட நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதே முக்கியம். நடுவூரிலிருந்து நடந்தே நிலையம் போகலாம், விலை கொஞ்சம் கூட. கொத்தோ எனப்படும் சரிவுப் பகுதியில் தோட்டத்தோடு தனி வீடுகள். காய்கறிப் பையோடு மேடேற வேண்டும், பேருந்தை நம்பியாக வேண்டும். கிழக்கே ஓர்ஜ்மோன், மேற்கே வால் தார்ஜான். வீடு பார்க்க இரண்டு முறை போங்கள்: ஒருமுறை பகலில், ஒருமுறை மாலை ஆறரைக்கு. தண்டவாளமும் டி 311 சாலையும் எவ்வளவு கேட்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

கோப்பில் வைக்க வேண்டியவை: அடையாள அட்டை அல்லது வதிவிட அனுமதி, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வரி அறிவிப்பு, இப்போதைய முகவரிக்குச் சான்றாகக் கடைசி மூன்று வாடகை ரசீது. அரசின் 'தோசியே ஃபசீல்' இணையதளத்தில் இவற்றை இலவசமாக ஏற்றினால், சரிபார்த்து நீர்க்குறி போட்டு ஒரே இணைப்பாகத் தருவார்கள். பிணை கொடுக்க ஆளில்லாத 18 முதல் 30 வயதினருக்கு 'விசால்' என்ற இலவசப் பிணைத் திட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அதன் சான்றை எடுத்துவிட வேண்டும்.

வெறும் வீட்டுக்கு முன்பணம் ஒரு மாத வாடகை, சாமான்களோடு உள்ள வீட்டுக்கு இரண்டு மாதம்; அதற்கு மேல் கேட்டால் சட்டவிரோதம். காலி செய்ய ஒரு மாத அறிவிப்பு போதும், வீட்டுத் தட்டுப்பாடுள்ள பகுதி என்பதால் மூன்று மாத விதி இங்கே பொருந்தாது. ஆனால் அந்தக் காரணத்தைக் கடிதத்தில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மூன்று மாதம் கேட்பார்கள். வீட்டைக் காட்டுமுன் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி.

வெள்ளம் வருமா?

வரும், ஆனால் சொல்லிக்கொண்டு வரும். சேன் மெதுவாக ஏறும் ஆறு. பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் அளவுகோலில் 1910 ஜனவரியில் 8.62 மீட்டர் தொட்டபோது இங்கே தாழ்ந்த தெருக்களிலும் எதிர்க்கரைச் சமவெளியிலும் தண்ணீர் நின்றது. 2016 ஜூனில் 6.10 மீட்டர், 2018 ஜனவரியில் 6 மீட்டருக்குச் சற்றுக் கீழே. 'விஜிகிரு' என்ற அரசு இணையதளம் ஆற்றின் மட்டத்தையும் முன்கணிப்பையும் நாள்தோறும் தருகிறது.

கரை தாண்டி வரும் நீரைவிடத் தரைக்கடியிலிருந்து வரும் நீர்தான் முதலில் கெடுக்கும். ஆறு ஏறும்போது நிலத்தடி நீரும் ஏறி, தெரு காய்ந்திருக்கையிலேயே நிலவறை நனையும். நிலவறையில் அட்டைப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மின்பலகை அங்கே இருந்தால் வாடகை பேசும்போதே கேளுங்கள். நிரம்பிய நிலவறையை உடனே முழுதாக இறைக்கவும் கூடாது. வெளியே நீர் அழுத்தம் இருக்கையில் உள்ளே காலி செய்தால் சுவர் உள்நோக்கிச் சாயலாம். வெளிமட்டம் இறங்க இறங்க, சிறுகச் சிறுக இறைப்பதே முறை.

மேட்டுப் பகுதியில் நிலம் இறங்கும் என்கிறார்களே?

ஆற்றோரத்தில் வெள்ளம் என்றால் குன்றுப் பக்கம் ஜிப்சம். ஓர்ஜ்மோன், சனுவா, கோர்மேய் குன்றுகளுக்குள் அடர்ந்த ஜிப்சப் படிவங்கள் உண்டு. உலகம் 'பாரிஸ் பிளாஸ்டர்' என்று அழைக்கும் சாந்து இதுபோன்ற கல்லைச் சுட்டு அரைத்ததுதான். நூற்றாண்டுகளாகத் தோண்டியதில் நிலத்தடியில் வெற்றிடங்கள் மிஞ்சின. தோண்டாத இடத்திலும் ஜிப்சம் நீரில் கரையும். உடைந்த சாக்கடைக் குழாய் ஒன்று சில ஆண்டுகள் கசிந்தால், அடியில் குழி விழுந்துவிடும்.

எனவே இங்கே வீடு வாங்குகிறவர் செய்ய வேண்டியவை: விற்பவர் சட்டப்படி தர வேண்டிய ஆபத்து நிலை அறிக்கையை முதல் முறை வீடு பார்க்கும்போதே கேளுங்கள், அது ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வாடகைக்கும் இந்த அறிக்கை உண்டு. 'ஜியோரிஸ்க்' அரசு இணையதளத்தில் முகவரியைப் போட்டு நீங்களும் சரிபாருங்கள். சுவரில் மூலைவிட்டமாக ஓடும் விரிசல், திடீரென இறுகும் கதவு, தோட்டத்தில் கிண்ணம்போல் தாழ்ந்த இடம் கண்டால் நிலவியல் பொறியாளரை அழைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூரை நீரை உறிஞ்சுகுழி வெட்டி நிலத்தில் விடுவது வேறு ஊரில் நல்ல பழக்கம். ஜிப்சம் உள்ள இடத்தில் அது குழி தோண்டிக்கொள்வதற்குச் சமம்.

தமிழ்க் கடைகள், மளிகை?

அதற்குப் பாரிஸின் லா ஷப்பேல்தான். விமான நிலையத்துக்குச் சொன்ன அதே வழியில் மஜெந்தாவில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். அரிசி மூட்டை வாங்குவதென்றால் மாலை நெரிசல் நேரத்தைத் தவிருங்கள்.

உணவகப் பட்டியலில் 'அர்ஜாந்தேய்' என்று இருந்தால் என்ன பொருள்?

அஸ்பாரகஸ் சேர்ந்த பண்டம். 19ஆம் நூற்றாண்டில் திராட்சைத் தோட்டங்களின் இடைவரிசையில் அதைப் பயிரிட்டு இந்த ஊர் பெயர் வாங்கியது. ஒரு காலத்தில் பாரிஸ் சுற்றுவட்டாரத்தின் பெரிய திராட்சை ஊர்களில் இதுவும் ஒன்று. அத்தியும் உண்டு, குளிர்காலத்துக்கு முன் அத்திக் கிளைகளை வளைத்துப் பள்ளத்தில் படுக்கவைத்து மண் மூடி, வசந்தத்தில் தூக்கி விடுவார்கள். தெற்கிலிருந்து ரயில் மலிவான ஒயினைக் கொண்டுவந்ததும், கொடியில் நோய் விழுந்ததும், பிறகு ஆலைகளும் வீடுகளும் பெருகியதும் அந்த விவசாயத்தை முடித்தன. முதல் உலகப் போர்க்காலத்தில் கடல் விமானங்கள் கட்டிய ஊர் இது. பிறகு தசோ நிறுவனத்தின் போர் விமான ஆலையும் பல பத்தாண்டுகள் இங்கே ஓடியது.

அந்த அஸ்பாரகஸ் வகையை இன்றும் வளர்க்க முடியுமா?

முடியும், 'அர்ஜாந்தேய்' என்ற பெயரில் விதையும் வேர்க்கட்டும் கிடைக்கின்றன. மார்ச்–ஏப்ரலில் 25 செ.மீ. பள்ளம் வெட்டி, மக்கிய எரு போட்டு, வேர்க்கட்டுகளை அரை மீட்டர் இடைவெளியில் விரல்களை விரித்ததுபோல் பரப்பி மெல்லிய மண் மூடவும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அதனால் மணல் கலந்த மண் வேண்டும். முதல் இரண்டு ஆண்டு ஒரு தண்டுகூட வெட்டக் கூடாது. பொறுமையில்லாமல் வெட்டிய செடி பிறகு மெலிந்துகொண்டே போகும். மூன்றாம் ஆண்டில் மூன்று நான்கு வாரம் மட்டும் வெட்டலாம். வெள்ளைத் தண்டு வேண்டுமானால் வசந்தத்தில் 25–30 செ.மீ. மண் அணைத்து, ஊதா நுனி மேலே எட்டிப் பார்த்த உடனே கத்தியை ஆழ விட்டு வெட்ட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் பச்சையாகும். அறுவடை ஏப்ரலில் தொடங்கி ஜூன் நடுவில் நிற்க வேண்டும், அதன்பின் வரும் தழை அடுத்த ஆண்டுக்கான சேமிப்பு.

சமைக்கும்போது நுனிக்குக் கீழிருந்து அடிவரை தோலைச் சீவி, அடியில் 2–3 செ.மீ. வெட்டி எறிந்து, உப்பிட்ட கொதிநீரில் 12 நிமிடம் வேகவையுங்கள். கத்தி முனை தடையின்றி இறங்கினால் எடுத்துவிடலாம்.